எரியாத விளக்கின் எச்சரிக்கை



பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பலருக்கு முதல் கார் என்பது புதிய கார் அன்று. வேறொருவர் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓட்டிய பின்னர் நம் கைக்கு வந்து சேர்ந்த காராகவே அது இருக்கும். மாருதி 800, ஜென், ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா போன்ற அந்தப் பழைய வண்டிகள்தாம் ஞாயிறு ஆராதனைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், விடுமுறையில் சொந்த ஊருக்கும் நம்மைச் சுமந்து செல்லுகின்றன. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 2010 ஏப்ரலில் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் முடிவுற்றது. ஆகவே, இந்நகரில் புதிதாக வாங்கப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800 கார்கள் ஏறக்குறைய எல்லாமே 15 வயதை எட்டியவை.

வயதான வண்டிகளில் பெரும்பாலோர் கவனியாமல் விடும் ஒரு குறை உண்டு. ஓட்டுநருக்கு முன்னே, மீட்டர் போர்டில் இருக்கும் சிறு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துபோவதே அது. "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, இந்தச் சிறு பல்பு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?" என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகின்றனர். அந்தப் பல்பின் விலையோ சில ரூபாய்தான். அது எரியாமற்போனதால் நேரும் இழப்பு ஒரு முழு எஞ்சினாகவும் இருக்கலாம். இவ்விளக்குகளைச் சோதிப்பதையும் மாற்றுவதையும் இம்மாதம் காண்போம்.

இரு வகை விளக்குகள்

மீட்டர் போர்டில் உள்ள விளக்குகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, இரவில் வேகமானி, எரிபொருள் முள், வெப்பநிலை முள் ஆகியவை கண்ணுக்குத் தெரியும்படி பின்னாலிருந்து ஒளி தருபவை. இரண்டாம் வகை, எச்சரிக்கை விளக்குகள். எண்ணெய்க் குவளை, பேட்டரி, பிரேக் ஆகிய அடையாளங்களோடு சிவப்பாக எரிபவை இவை. எஞ்சின் உருவத்தோடு மஞ்சளாக எரியும் விளக்கு, ஃபியூயல் இன்ஜெக்ஷன் முறை வந்த பிறகு வெளியான கார்களில் இருக்கும். இவற்றோடு, ஹெட்லைட் உயர் ஒளியில் இருப்பதைக் காட்டும் நீல விளக்கும், திருப்பத்தைக் காட்டும் பச்சை அம்புகளும் உண்டு.

முதல் வகை அணைந்தால் இருட்டு நமக்குத் தெரிந்துவிடும். உடனே குறையை உணர்ந்துகொள்வோம். இரண்டாம் வகை அணைந்தால் ஒன்றுமே தெரியாது. ஏனெனில் வண்டி ஓடும்போது அவை எரியாதிருப்பதுதான் இயல்பு. நலமாயிருக்கும் வண்டியிலும் அந்த இடம் இருட்டாயிருக்கும். பல்பு பழுதான வண்டியிலும் அதே இடம் அதேபோல் இருட்டாயிருக்கும். இந்த இரண்டு இருட்டையும் பிரித்தறிய ஒரே ஒரு தருணம்தான் உண்டு. அது எஞ்சினைக் கிளப்புவதற்கு முந்திய சில விநாடிகள்.

ஐந்து விநாடிச் சோதனை

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, சாவியை "ஆன்" நிலைக்கு மட்டும் திருப்புங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். அந்நிலையில் எண்ணெய், பேட்டரி, பிரேக் ஆகிய மூன்று சிவப்பு விளக்குகளும் எரிய வேண்டும். எஞ்சின் அடையாளம் இருக்கும் வண்டிகளில் அதுவும் எரிய வேண்டும். பின்பு எஞ்சினைக் கிளப்பியதும் எண்ணெய், பேட்டரி, எஞ்சின் விளக்குகள் அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்ததும் பிரேக் விளக்கு அணைய வேண்டும்.

முதலில் எரியாத விளக்கு எதுவோ அதுவே ஆபத்தானது. அதன் வேலையைச் செய்ய அது ஆயத்தமாயில்லை என்று பொருள். எரிந்துவிட்டு, எஞ்சின் ஓடிய பின்னும் அணையாத விளக்கு உண்மையான கோளாற்றைச் சொல்லுகிறது. நாள்தோறும் வண்டியை எடுக்கும்போது இந்த ஐந்து விநாடிகளைச் செலவிடும் வழக்கத்தை வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுங்கள்.

எண்ணெய் விளக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது எண்ணெயின் அளவு குறைந்ததைக் காட்டும் விளக்கு என்றே பலர் எண்ணுகின்றனர். அது காட்டுவது அளவை அன்று, அழுத்தத்தை. எஞ்சினுக்குள் எண்ணெயைத் தள்ளும் அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோன பின்னரே அது எரியும். ஓடும்போது அது எரிந்தால், அடுத்த பெட்ரோல் நிலையம் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பாக ஓரங்கட்டி, உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். எண்ணெய் ஓட்டம் இல்லாமல் எஞ்சின் ஓடினால், உள்ளிருக்கும் பேரிங்குகள் சில நிமிடங்களில் தேய்ந்து பழுதாகும்.

பிரேக் விளக்கும் அப்படியே. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பின்னும் அது எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். பிரேக் பேடுகள் தேய்ந்ததாலோ எங்கோ கசிவு இருப்பதாலோ அது குறைந்திருக்கும். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாயின் இறக்கத்தை அறியாதவர் நம்மில் குறைவு. விபத்துகளுக்குப் பெயர்போன அந்த இறக்கத்திற்குப் போகும் வண்டியில், பிரேக் விளக்கின் பல்பு வேலை செய்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிட வேண்டாமா?

பேட்டரி விளக்குக்கு இன்னொரு வேலை

பழைய கார்கள் பலவற்றில் பேட்டரி அடையாளமிட்ட விளக்கு வெறும் எச்சரிக்கைக்காக மட்டும் இல்லை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்கத்தில் ஒரு சிறு மின்னோட்டம் தேவை. அதனுள் சுழலும் பாகத்தைக் காந்தமாக்குவது அந்த மின்னோட்டமே. பல ஆல்டர்னேட்டர்களில் அது இந்தச் சிறு பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு எரிந்துபோனால் அந்தப் பாதை அறுந்துவிடும். ஆல்டர்னேட்டர் மின்னேற்றம் செய்யாமலே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் எஞ்சினை நன்றாக முடுக்கினால் அது தானாக விழித்துக்கொள்ளும், சிலவற்றில் விழிக்காது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இரண்டு ஹெட்லைட்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய 110 வாட் எடுக்கும். பின் விளக்குகள், எஞ்சினின் தேவை, அவ்வப்போது வைப்பர் எல்லாம் சேர்ந்தால் 13 ஆம்பியர் அளவுக்கு வரும். சிறிய கார்களின் பேட்டரி பொதுவாக 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. புதிய பேட்டரியானாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பழையது அதற்கும் முன்பே சோர்ந்துவிடும். இரவில் பெங்களூரிலிருந்து புறப்பட்டவர்களுக்கு அது கிருஷ்ணகிரியைத் தாண்டித் தருமபுரியை நெருங்கும் வேளையாயிருக்கும். பின் இருக்கையில் பிள்ளைகள் உறங்க, ஹெட்லைட் மங்கி, எஞ்சின் நின்று, லாரிகள் விரையும் சாலையோரத்தில் நிற்க நேரிடும். அதுவரை எச்சரிக்கை ஒன்றும் வந்திராது. எச்சரிக்க வேண்டிய பல்புதானே போய்விட்டது!

பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

இரண்டாம் கை விற்பனையில் ஒரு தந்திரம் உண்டு. எஞ்சின் விளக்கோ எண்ணெய் விளக்கோ அணையாமல் எரியும் வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே கோளாற்றைச் சரிசெய்வதற்குப் பதிலாக, அந்தப் பல்பையே கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது மீட்டர் போர்டு சுத்தமாக இருக்கும்.

ஆகையால், கார் பார்க்கப் போகும்போது எஞ்சினை விற்பவரே கிளப்பி வைத்திருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களே சாவியைத் திருப்பி மேற்சொன்ன ஐந்து விநாடிச் சோதனையைச் செய்யுங்கள். எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை என்றால், "அது சிறிய பல்புதான், பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பல்பைப் போட்டு எரியச் செய்த பிறகு விலை பேசலாம் என்று சொல்லுங்கள். உங்கள் சேமிப்பைக் காப்பாற்றும் கேள்வி அது. பதிவாகி 15 ஆண்டுகள் முடிந்த காரானால், பதிவுச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதுப்பிக்கும்போது வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் புதுப்பிக்க வேண்டும்.

கோளாறு எங்கே இருக்கிறது?

பல்பு வாங்க ஓடுவதற்கு முன் கோளாற்றின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள்.

1. மீட்டர் போர்டு முழுவதும் இருண்டிருந்தால், எல்லாப் பல்புகளும் ஒரே நாளில் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு உள்ள கார்களில், அது முற்றிலும் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்பு ஃபியூஸைப் பாருங்கள்.

2. ஃபியூஸ் போயிருந்தால் வண்டியின் பின்புறம் சென்று பாருங்கள். பல கார்களில் மீட்டர் போர்டின் ஒளியும் பின்புறச் சிவப்பு விளக்குகளும் ஒரே ஃபியூஸில் இருக்கின்றன. உள்ளே இருட்டு என்றால் வெளியே பின் விளக்கும் எரியவில்லை என்று பொருளாகலாம். ஓசூர் சாலையில் இரவில் பின் விளக்கு இல்லாமல் போவது, பின்னால் வரும் லாரியின் கண்ணுக்குத் தெரியாமற்போவதற்குச் சமம்.

3. அதே ஆம்பியர் எண் கொண்ட ஃபியூஸையே போடுங்கள். தட்டை வகை ஃபியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ ஒயர்த் துண்டையோ ஃபியூஸாக வைப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். புதிய ஃபியூஸும் உடனே போனால், எங்கோ ஒயர் உரசுகிறது. பின்னாளில் பொருத்தப்பட்ட மியூசிக் சிஸ்டத்தின் இணைப்புகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

4. ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால் அங்கிருக்கும் பல்பே பழுதாயிருக்கும். தட்டினால் எரிந்து, குலுங்கினால் அணைந்தால், ஹோல்டரின் பிடிப்பு தளர்ந்திருக்கும் அல்லது துரு ஏறியிருக்கும்.

5. ஹெட்லைட்டைப் போட்டதும் எல்லா விளக்குகளும் மங்கி, எரிபொருள் முள்ளும் வெப்பநிலை முள்ளும் இடம் மாறினால், எர்த் இணைப்பு சரியில்லை. பல்பை மாற்றிப் பயனில்லை. எர்த் ஒயரின் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

6. பல்புகள் அடிக்கடி போகின்றனவா? எஞ்சினைச் சற்று முடுக்கி வைத்துப் பேட்டரியின் வோல்டேஜை அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே இழைப் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் பல்பை மட்டும் மாற்றினால் பேட்டரியும் கெடும்.

7. சாவியை "ஆன்" செய்தும் எண்ணெய் விளக்கு எரியவில்லை என்றால், எஞ்சின் ஓடாத நிலையில், எஞ்சினில் உள்ள எண்ணெய் அழுத்த சுவிட்சிலிருந்து அதன் ஒற்றை ஒயரைக் கழற்றி எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நலம், சுவிட்சே பழுது. எரியாவிட்டால் பல்பையோ ஒயரையோ பார்க்க வேண்டும்.

பல்பை மாற்றும் முறை

பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத நாளில் இவ்வேலையைத் தொடங்குங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மீட்டர் போர்டைச் சுற்றியிருக்கும் மூடியின் திருகாணிகளை அகற்றுங்கள். பல ஆண்டுகள் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் எளிதில் உடையும். ஒரு பக்கம் வராவிட்டால் இழுக்காமல், மறைந்திருக்கும் திருகாணியைத் தேடுங்கள். பின்பு மீட்டர் போர்டின் திருகாணிகளை நீக்கி, அதை மெல்ல முன்னால் இழுங்கள். கேபிளால் இயங்கும் வேகமானியானால், பின்னால் கைவிட்டு அதன் பிடியை அழுத்திக் கேபிளை விடுவிக்க வேண்டும். ஒயர் இணைப்புகளைக் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், மாட்டும்போது குழப்பமிராது.

மீட்டர் போர்டின் பின்புறத்தில் பல்பு ஹோல்டர்கள் வரிசையாகத் தெரியும். கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலானவை கையோடு வந்துவிடும். பல்பின் கண்ணாடி கருத்திருந்தாலோ உள்ளிருக்கும் இழை அறுந்திருந்தாலோ அது பழுதானது. ஹோல்டர் தொடும் செம்புப் பட்டை மிகவும் மெல்லியது. கத்தியால் சுரண்டாமல், பென்சில் அழிக்கும் ரப்பரால் மென்மையாகத் தேய்த்தால் போதும்.

ஒளி தரும் பல்புகள் எல்லாம் ஒரே அளவு நேரம் எரிந்தவை. ஒன்று போனால் மற்றவையும் பின்தொடரும். ஆகவே மீட்டர் போர்டைத் திறந்த அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது உத்தமம். மூடுவதற்கு முன்பு பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்து, ஒவ்வொரு விளக்கும் எரிகிறதா என்று சோதித்து, மீண்டும் கழற்றிவிட்டு, அதன் பின்னரே திருகாணிகளை முடுக்குங்கள். வேகமானிக் கேபிள் "டக்" என்று பொருந்தும் வரை அழுத்த வேண்டும்; இல்லையேல் முள் அசையாது.

ஏர்பேக் உள்ள கார்களிலும், பல்புக்குப் பதிலாகச் சிறு எல்.ஈ.டி.கள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட பிற்காலக் கார்களிலும் நீங்களே கைவைக்க வேண்டாம். தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் ஒப்படைப்பதே நல்லது.

எதை, எங்கே வாங்குவது?

பழுதான பல்பைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வாட்டும் வோல்டும் அதன் அடியில் அல்லது கண்ணாடியில் எழுதியிருக்கும். ஜப்பானிய, கொரிய வழிவந்த கார்களில் பெரும்பாலும் அடியில் உலோகம் இல்லாத, சொருகும் வகைக் கண்ணாடிப் பல்புகளே இருக்கும். அவற்றில் மெல்லியதும் பருத்ததும் உண்டு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற முந்தைய தலைமுறை வண்டிகளில் உலோக அடியுடைய பல்புகளைக் காணலாம். 3 வாட் இருந்த இடத்தில் "வெளிச்சம் கூடுதலாக வரட்டும்" என்று 5 வாட் போடாதீர்கள். அந்தச் சூட்டில் ஹோல்டரும் எண்கள் அச்சிட்ட தகடும் உருகி வளையும்.

பெங்களூரில் ஜே.சி. சாலை கார் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது. பல்பு, ஹோல்டர், ஃபியூஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். அதனருகே உள்ள எஸ்.பி. சாலை மின்னணுப் பொருள்களின் சந்தை. குறைந்த விலையில் ஒரு மல்டிமீட்டரை அங்கே வாங்கிக்கொள்ளலாம். உற்பத்தி நின்றுபோன காரின் மீட்டர் போர்டே உடைந்திருந்தால், சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். ஆனால் மீட்டர் போர்டு மாறினால் ஓடிய கிலோமீட்டர் எண்ணும் மாறும். பழைய எண்ணைத் தேதியோடு எழுதி, ரசீதுடன் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது அதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுவதே நேர்மை.

எல்.ஈ.டி. பல்புகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஒளி தரும் இடங்களில் அவற்றைப் போடுவதில் தவறில்லை. எரியாவிட்டால் திருப்பிச் சொருகிப் பாருங்கள், அவற்றுக்கு நேர் எதிர் முனைகள் உண்டு. ஆனால் பேட்டரி விளக்கின் இடத்தில் மட்டும் போடாதீர்கள். ஆல்டர்னேட்டர் எதிர்பார்க்கும் மின்னோட்டத்தை எல்.ஈ.டி. தராது, பல்பு எரிந்தாலும் மின்னேற்றம் தொடங்காமற்போகலாம். அங்கே பழைய இழைப் பல்பே இருக்கட்டும்.

பிரியமானவர்களே, அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது பெட்டிகளை ஏற்றி, பிள்ளைகளை அமர வைத்த பிறகு, சாவியை ஒரே மூச்சில் திருப்பிவிடாதீர்கள். நடுவிலே ஐந்து விநாடி நிறுத்தி, மூன்று சிவப்பு விளக்குகளையும் எண்ணுங்கள். மூன்றும் எரிந்தால் எஞ்சினைக் கிளப்புங்கள். இரண்டுதான் எரிந்தால், பயணத்தைச் சற்றுத் தாமதித்து, முதலில் அந்த மூன்றாவதைச் சரிசெய்யுங்கள்.